படியும் சேரும் பதமும்: கரோல் பாக்கில் ‘சமைத்துப் பார்’

ஒரு செய்முறை நூலின் தெளிவை அது எழுதப்பட்ட வீட்டிலிருந்து அளந்தறிய முடியாது. அந்த வீட்டில் நூல் சொல்லாமல் விட்டதை மாமியார் சொல்லிவிடுவார். மாமியார் விட்டதை அண்டைவீட்டார் சொல்வர். நூல் தன் ஊரை விட்டு நெடுந்தொலைவு சென்று, கேட்டறிய ஒருவரும் இல்லாத சமையலறையில் திறக்கப்படும்போதுதான் அதன் சொற்கள் எவ்வளவு தாங்கும் என்பது தெரியும். எஸ். மீனாட்சி அம்மாள் எழுதி 1951-இல் சென்னையில் வெளியான ‘சமைத்துப் பார்’ நூலுக்கு அத்தகைய சோதனைக் களங்களுள் ஒன்றாக அமைந்தது தில்லியின் கரோல் பாக்.

தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றும் அறிவிப்பு 1911 டிசம்பரில் வந்தது. புது தில்லி முறைப்படி திறக்கப்பட்டது 1931-இல். இடைப்பட்ட ஆண்டுகளிலேயே சென்னை மாகாணத்திலிருந்து எழுத்தர்களும் கணக்கர்களும் சுருக்கெழுத்தாளர்களும் அரசுப் பணிக்காக வடக்கே வந்து சேர்ந்தனர். கோடையில் சிம்லா, குளிரில் தில்லி என்று அரசாங்கத்தோடு அவர்களும் பெட்டி படுக்கையைக் கட்டினர். இவர்களின் பிள்ளைகளுக்காகத் தோன்றிய மதராசிக் கல்விச் சங்கமே பின்னாளில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாயிற்று. தில்லித் தமிழ்ச் சங்கம் 1946-இல் உருவானது. புதிய தலைநகரைக் கட்டுவதற்காக அப்புறப்படுத்தப்பட்ட சிற்றூர் மக்கள் குடியமர்த்தப்பட்ட கரோல் பாக், 1947-க்குப் பின் பஞ்சாபிலிருந்து வந்த அகதிகளால் நிரம்பியது. அவர்கள் கட்டிய வீடுகளின் ஒரு பகுதியிலோ மாடியறையிலோ தமிழ்க் குடும்பங்கள் வாடகைக்கு இருந்தன. வீட்டுக்காரர் வீட்டில் ரொட்டி சுடும் மணம், மாடியில் ரசம் கொதிக்கும் மணம் என்பது அந்நாளைய கரோல் பாக்கின் இயல்பான காட்சி.

இக்குடியேற்றத்தின் முக்கிய விளைவு தனிக்குடித்தனம். கும்பகோணத்திலோ திருநெல்வேலியிலோ கூட்டுக்குடும்பத்தில் பிறந்து வளர்ந்த பெண் ஒருத்தி, திருமணமான சில மாதங்களில் ஈரிரவு ரயில் பயணத்துக்கு அப்பால் தனியே அடுப்பு மூட்ட வேண்டியிருந்தது. பார்த்துக் கற்பதும், கூடமாட நின்று கற்பதும், திட்டு வாங்கிக் கற்பதும் ஒரே தலைமுறையில் அறுபட்டன. கடிதம் ஒன்றே வழி. அதற்கும் மறுமொழி வர ஒரு வாரத்துக்கு மேலாகும். அதற்குள் ஊறுகாய் பூசணம் பிடித்துவிடும்.

மீனாட்சி அம்மாளின் நூல் இத்தகைய தேவையின் விளிம்பிலிருந்தே பிறந்தது. இளவயதிலேயே கணவரை இழந்து, குடும்பப் பொறுப்பைச் சுமந்த அவர் சமையலில் தேர்ந்தவர். உறவினர்கள் அவரிடம் ஓயாமல் செய்முறை கேட்டு வந்தனர். இவற்றை நூலாக எழுதுமாறு தூண்டியவர் அவருடைய உறவினரும் வழக்கறிஞருமான கே. வி. கிருஷ்ணசுவாமி ஐயர், சென்னை மியூசிக் அகாதெமியின் தலைவராக இருந்தவர். மூன்று பாகங்களாக வளர்ந்த இந்நூல், 1962-இல் ஆசிரியர் மறைந்த பின்னும் அச்சிலிருந்து நீங்கவில்லை. ஆங்கிலத்திலும் வந்தது. மணப்பெண்ணின் பெட்டியில் வைத்தனுப்பும் பொருள்களுள் ஒன்றாகி, பிற்காலத்தில் அமெரிக்கா செல்லும் மாணவர்களின் பெட்டியிலும் இடம்பிடித்தது.

தமிழகத்தில் சமையல் நூல்கள் அதற்கு முன்பும் இருந்தன. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் உள்ள சரபேந்திர பாகசாஸ்திரம் அரண்மனை அடுக்களையின் ஆவணம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பாகசாஸ்திரம் என்னும் பெயர் தாங்கிய அச்சு நூல்கள் வரத் தொடங்கின. சாஸ்திரம் என்ற சொல்லே அவற்றின் நோக்கைக் காட்டிவிடுகிறது: வாசிப்பவர் முன்பே அறிந்தவர், நூல் அவருக்கு அதிகாரம் தரும் ஏடு. ‘சமைத்துப் பார்’ என்னும் தலைப்பு வேறொருவரை நோக்கிப் பேசுகிறது. தமிழில் ‘பார்’ துணைவினையாக வரும்போது முயற்சியைக் குறிக்கும். எழுதிப் பார், ஓடிப் பார் என்பவற்றில் கட்டளையோடு ஓர் அனுமதியும் இருக்கிறது. தவறினாலும் மறுமுறை முயலலாம் என்ற குறிப்பு உண்டு. அறியாதவரை வாசகராக ஏற்றுக்கொண்ட தலைப்பு அது. அறியாதவருக்கு எழுதுவதன் இடர்கள் அனைத்தும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

முதல் இடர் அளவு. 1951-இல் இந்தியாவில் ஒரே அளவை இல்லை. சென்னைக் கணக்கில் ஒரு படிக்கு 8 ஆழாக்கு. ஆனால் பட்டணம் படி வேறு, உள்நாட்டுச் சின்னப்படி வேறு. எடையில் 3 தோலா ஒரு பலம், 8 பலம் ஒரு சேர், 5 சேர் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. தில்லிக் கடையிலும் சேர் உண்டு. அங்கே ஒரு சேருக்கு 80 தோலா. சென்னைச் சேர் 24 தோலா, அதாவது ஏறத்தாழ 280 கிராம். தில்லிச் சேர் ஏறத்தாழ 933 கிராம். மணங்கின் நிலை இன்னும் விந்தையானது: சென்னையில் ஏறத்தாழ 11 கிலோவாக இருந்தது, வடக்கே 40 சேர் கொண்ட ‘மன்’ ஆகி 37 கிலோவைத் தாண்டியது. சொல் ஒன்று, பொருள் மூன்று மடங்குக்கும் மேல். ஊறுகாய்க்கு ஒரு சேர் உப்பு என்று யாரேனும் எழுதியிருந்தால், கரோல் பாக்கில் அந்தச் சொல் துல்லியமாகத் தோன்றிக்கொண்டே ஏமாற்றியிருக்கும். துல்லியமின்மையைவிடப் பொய்யான துல்லியம் தீங்கு மிக்கது. குறிப்பில் தெளிவில்லை என்றால் வாசகர் எச்சரிக்கையோடு இருப்பார், எண் இருந்தால் நம்பிவிடுவார்.

1956-இன் எடை, அளவைச் சட்டம் மெட்ரிக் முறையை நிலைநாட்டியது. 1958 அக்டோபரில் கிலோகிராம் புழக்கத்துக்கு வரத் தொடங்கி, 1962 ஏப்ரலுக்குள் எடையில் கட்டாயமாயிற்று. சந்தையில் படியும் வீசையும் மறைந்தன. நூல்களின் பக்கங்களில் அவை நின்றுகொண்டிருந்தன. ‘சமைத்துப் பார்’ நூலின் பிற்காலப் பதிப்புகள் புதிய அளவைக்கு இசைய மாற்றப்பட்டன. ஆனாலும் ஆழாக்கு என்னும் சொல் தமிழ்ச் சமையலறைகளில் பல்லாண்டு தங்கியது. அதற்கு ஏக்கம் மட்டுமே காரணம் ஆகாது. ஆழாக்கு ஒரு பாத்திரம். அரிசிக்கும் பருப்புக்கும் தண்ணீருக்கும் ஒரே பாத்திரத்தை வைத்துக்கொண்டால், அதன் கொள்ளளவு எதுவாயினும் விகிதம் கெடாது. தில்லியில் ஆழாக்கு இல்லாத பெண் ஒரு பித்தளை டம்ளரை ஆழாக்காக்கிக்கொண்டால் போதும். விகிதத்தில் எழுதப்பட்ட செய்முறை ஊர்விட்டு ஊர் செல்லும். முழு அளவில் எழுதப்பட்டது சொந்த ஊரின் தராசையும் கூடவே கேட்கும்.

இதே போராட்டம் வேறு நாடுகளிலும் நடந்தது. இங்கிலாந்தில் எலைசா ஆக்டன் 1845-இல் வெளியிட்ட நூலில் பொருள்களையும் அளவுகளையும் நேரத்தையும் செய்முறையிலிருந்து பிரித்துத் தொகுத்துக் காட்டினார். 1861-இல் இசபெல்லா பீட்டன் அப்பட்டியலைத் தலைப்பில் கொண்டுவந்து நிறுத்தினார். 1896-இல் பாஸ்டனில் பேனி பார்மர், கோப்பையும் கரண்டியும் தலைதட்டி அளக்கப்பட வேண்டும் என்பதை விதியாக்கினார். தமிழில் தலைதட்டி அளத்தலும் குவித்து அளத்தலும் நெல் களத்திலேயே வேறுபடுத்தப்பட்டவை. குத்தகையளப்பில் அந்த வேறுபாட்டுக்காகச் சண்டைகள் நடந்ததுண்டு. களத்தில் இருந்த அந்தக் கறார் அடுக்களைக்கு வந்து சேர அச்சு நூல் தேவைப்பட்டது.

இரண்டாம் இடர் தொடர். தமிழ் வாக்கிய அமைப்பு செய்முறைக்கு ஒரு வரமும் ஒரு வலையும் ஆகும். ‘கடுகு தாளித்து, காயை வதக்கி, புளித்தண்ணீர் ஊற்றி, கொதித்ததும் வெந்த பருப்பைச் சேர்த்து இறக்கவும்’ என்று ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். வினையெச்சங்கள் வரிசையைத் தாமே உணர்த்துகின்றன; முதலில், அடுத்து, பிறகு என்ற சொற்கள் தேவையில்லை. இது வரம். ஆனால் ‘வெந்த பருப்பு’ என்ற பெயரெச்சத் தொடரில் ஒரு தனிப் பாத்திரமும், ஒரு தனி அடுப்பும், ஒரு மணிநேர உழைப்பும் ஒளிந்திருக்கின்றன. பருப்பு எப்போது வெந்தது, யார் வேகவைத்தார் என்பதை வாக்கியம் கேட்கவே விடுவதில்லை. வாசகர் வாக்கியத்தின் கடைசிப் பகுதிக்கு வரும்போது பருப்பு பச்சையாக டப்பாவில் இருக்கிறது, புளித்தண்ணீரோ வற்றிக்கொண்டிருக்கிறது.

ஊர் வீட்டில் இவ்வாக்கியம் குறையாகத் தோன்றாது. அங்கே மண்ணடுப்பின் பக்கத்தில் கொடியடுப்பு உண்டு. முதன்மை அடுப்பின் தழலிலேயே அங்கே பருப்பு தானாக வெந்துகொண்டிருக்கும். கரோல் பாக்கின் ஒற்றை அறையில் இருந்தது கரி போட்டு மூட்டும் அங்கீட்டி, அல்லது மண்ணெண்ணெய் ஸ்டவ். இரண்டுக்கும் வாய் ஒன்றே. ஓர் அடுப்பில் எதை முதலில் ஏற்றுவது, எதை இறக்கி மூடிவைப்பது என்பது செய்முறையின் உயிர்நிலையாகிறது. ஆகவே நல்ல செய்முறை எழுத்தாளர் பெயரெச்சங்களை வினைகளாக அவிழ்க்க வேண்டியிருக்கிறது: முதலில் பருப்பை வேகவைத்துக்கொள்ளவும் என்று தனி வாக்கியம் எழுத வேண்டும். ‘வைத்துக்கொள்ளவும்’ என்னும் அந்தத் துணைவினை, இது பின்னால் பயன்படப்போகிறது என்ற முன்னறிவிப்பையும் தருகிறது. தமிழ்ச் சமையல் நூல்களில் இச்சொல் இவ்வளவு மிகுதியாக வருவதற்குக் காரணம் இதுவே. நடை நோக்கில் சலிப்பூட்டும் இச்சொல் பயன் நோக்கில் நூலின் அச்சாணி.

மூன்றாம் இடர் காலம். ‘இரவு முழுவதும் புளிக்க விடவும்’ என்ற தொடரில் ஒரு தட்பவெப்பநிலை மறைந்திருக்கிறது. சென்னையில் இரவு வெப்பம் குளிர்காலத்திலும் பெரும்பாலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. தில்லியின் சனவரி இரவில் அது 7 பாகையை ஒட்டி நிற்கும். அதே மாவு, அதே அரிசி, அதே உளுந்து. காலையில் பார்த்தால் அரைத்து வைத்தபடி அசையாமல் கிடக்கும். தில்லித் தமிழ்க் குடும்பங்கள் மாவுப் பாத்திரத்தைக் கம்பளியிலும் ரஜாயிலும் சுற்றிவைத்தன. சூன் மாதத்தில் நிலைமை தலைகீழ். காலையில் அரைத்த மாவு மாலைக்குள் பொங்கி வழிந்து புளித்துவிடும். எட்டு மணிநேரம் என்று எழுதியிருந்தாலும் இரவு முழுவதும் என்று எழுதியிருந்தாலும் பிழை ஒன்றே. பொங்கி இரு மடங்காகும் வரை என்று எழுதினால் மட்டுமே அச்சொல் எந்த ஊரிலும் நிற்கும்.

இங்கேதான் பதம் என்னும் பழஞ்சொல்லின் அருமை விளங்குகிறது. கம்பிப் பதம், உருட்டுப் பதம், பொன்னிறம், பச்சை வாசனை போகும் வரை, எண்ணெய் பிரியும் வரை என்பவை அறிவியல் கருவிகள் இல்லாத காலத்தின் மழுப்பல்கள் என்று கருதப்படுவதுண்டு. கருவியும் எரிபொருளும் வீட்டுக்கு வீடு மாறும் சூழலில், கடிகாரத்தைவிடப் பதமே துல்லியமானது. விறகடுப்பின் பத்து நிமிடமும் அங்கீட்டியின் பத்து நிமிடமும் ஒன்றல்ல. பாகு கம்பியாக இழுபடும் நிலையோ எங்கும் ஒன்றே. ஆனால் பதத்துக்கும் ஒரு விலை உண்டு. பச்சை வாசனை போவது எப்படி என்பதை ஒருமுறையேனும் முகர்ந்தவருக்கே அத்தொடர் பொருள் தரும். முகராதவருக்கு அது வெறும் ஒலி. நெல்லிக்காய் அளவு புளி என்பதும் அவ்வாறே: நாட்டு நெல்லியா, அருநெல்லியா என்ற ஐயம் கிராமத்தில் எழாது, வேறெங்கும் எழும்.

கைவினைஞரின் அறிவில் சொல்லில் அடங்காத பகுதியை மைக்கேல் போலானி 1966-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே, 1751-இல் வெளிவரத் தொடங்கிய பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்துக்காகத் தொழில்களை எழுத முற்பட்ட தீதரோ இதே சுவரில் மோதினார். தம் தொழிலைத் தெளிவாக விளக்கத் தெரிந்த தொழிலாளர் மிக அரியர் எனக் கண்ட அவர், பட்டறைகளை நேரில் கண்டறிவதையும் படங்களையும் நாடினார். கலைக்களஞ்சியத்தின் படத் தொகுதிகள் மட்டும் பதினொன்று. தீதரோவின் சிக்கல், செய்பவர் ஒருவர் எழுதுபவர் வேறொருவர் என்பது. மீனாட்சி அம்மாளிடம் இருவரும் ஒருவரே. ஆயினும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை, இடம் மாறியது. நன்கு அறிந்தவரின் கை எதை நினைக்காமல் செய்கிறதோ அதுவே எழுத்தில் விடுபடும். எழுதுவதற்கு அவர் தம் தேர்ச்சியை ஒத்திவைத்து, அறியாதவராகத் தம்மைப் பாவித்துக்கொள்ள வேண்டும். உறவுப் பெண்களின் ஓயாத வினாக்கள் இந்தப் பாவனைக்குத் துணை நின்றிருக்கும். கேள்வி கேட்பவர் இல்லாமல் எழுதப்படும் செய்முறை பெரும்பாலும் அறிந்தவர் தமக்கே எழுதிக்கொள்ளும் குறிப்பாகிவிடுகிறது.

நூலின் உத்தி இரட்டைப் பூட்டு போன்றது. அளக்கக்கூடியவற்றுக்கு அளவு, அளக்க முடியாதவற்றுக்கு அறிகுறி. ஒன்று பொய்த்தால் மற்றொன்று காக்கும். கருவி மாறும்போது இப்பூட்டும் மாற வேண்டியிருந்தது. 1959-இல் பிரஸ்டீஜ், ஹாக்கின்ஸ் இரண்டும் இந்தியாவில் பிரஷர் குக்கர் தயாரிக்கத் தொடங்கின. மூடிய பாத்திரத்துக்குள் பதம் பார்க்க முடியாது. கையால் நசுக்கவோ முகரவோ வழியில்லை. அதன் இடத்தில் ‘மூன்று விசில்’ என்னும் புதிய அலகு பிறந்தது. கண்ணும் மூக்கும் விரலும் செய்த வேலையைக் காது ஏற்றது. சமையல் மொழியின் வரலாற்றில் இது சிறிய மாற்றம் அன்று.

இவ்வளவு தெளிவும் யாருக்காக என்ற வினாவையும் எழுப்ப வேண்டும். ‘சமைத்துப் பார்’ ஒரு தமிழ்ப் பிராமணக் குடும்பத்தின் சைவ உணவு மரபை எழுதிய நூல். அது தன் வட்டத்தை மறைக்கவில்லை. பண்டிகைகளுக்கும் சடங்குகளுக்கும் உரிய குறிப்புகள் அவ்வட்டத்தை வெளிப்படையாகவே காட்டும். ஆயினும் தெளிவாக எழுதப்பட்டதற்கு ஓர் அதிகாரம் தானே வந்து சேர்கிறது. எழுதப்பட்டது மரபாகிறது, எழுதப்படாதது பழக்கம் என்ற அளவில் நின்றுவிடுகிறது. அர்ஜுன் அப்பாதுரை 1988-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, சமையல் நூல்கள் வழியாக இந்திய நடுத்தர வகுப்பு ஒரு தேசியச் சமையலைக் கட்டமைத்ததை விளக்குகிறது. அத்தகைய கட்டமைப்பில் தமிழகத்தின் இடத்தை இட்லியும் தோசையும் சாம்பாரும் நிரப்பின. கருவாட்டுக் குழம்பும் நண்டு ரசமும் கேழ்வரகுக் களியும் அந்தப் பக்கங்களில் அரிதாகவே ஏறின. கரோல் பாக்கின் ‘மதராசி’ என்ற சொல் எதைக் குறித்தது என்பதில் வடவரின் அறியாமைக்கு ஒரு பங்கு உண்டு. எவருடைய அடுக்களை எழுத்தில் ஏறியது என்பதற்கும் ஒரு பங்கு உண்டு.

தில்லிக்கு வந்த தமிழர் அனைவரும் அரசு எழுத்தர்களும் அல்லர். ஜங்புரா அருகே பாராப்புள்ளா கால்வாய்க் கரையில் பல பத்தாண்டுகள் இருந்த மதராசி கேம்ப், வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் வந்த தமிழ்க் குடும்பங்களின் குடியிருப்பு. 2025 சூனில் அது இடிக்கப்பட்டது. அங்கிருந்த பெண்களும் அதே குளிரில் மாவு புளிக்கவைத்தவர்கள். அதே கடைகளில் துவரம் பருப்பை அர்ஹர் என்றும் புளியை இம்லி என்றும் கேட்டு வாங்கியவர்கள். தில்லியின் அடுப்புக்கும் நீருக்கும் தம் சமையலை அவர்கள் எப்படித் தகவமைத்தார்கள் என்பதற்கு அச்சில் ஒரு பக்கமும் இல்லையென்றால், அந்த அறிவு குடியிருப்போடு சேர்ந்தே கலைந்துபோகும்.

ஆகவே செய்முறை எழுதும் கலையை மொழிநடைச் சிக்கலாக மட்டும் காண்பது போதாது. எந்தப் பாத்திரத்தில் அளக்கப்பட்டது, எந்த அடுப்பில் ஏற்றப்பட்டது, எந்த மாதத்தில் புளித்தது, யார் கேட்டதற்கு விடையாக எழுதப்பட்டது என்ற வினாக்களோடு பழைய சமையல் நூல்களை வாசித்தால், அவை குடியேற்ற வரலாற்றுக்கும் அளவை வரலாற்றுக்கும் பெண்களின் உழைப்பு வரலாற்றுக்கும் முதன்மைச் சான்றுகளாகும். ஓரத்துக் குறிப்புகள் கொண்ட பழம் பிரதிகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அச்சிட்ட அளவின் மேல் பென்சிலால் திருத்திய எண், ‘தில்லிக்கு இன்னும் நான்கு மணி’ என்பது போன்ற ஒரு வரி, எண்ணெய் படிந்த பக்கம் ஆகியவை ஆசிரியருக்கும் வாசகருக்கும் இடையே நடந்த நீண்ட உரையாடலின் எச்சங்கள். பழைய தாள்காரரின் தராசில் ஏறும் முன் அவற்றைப் படியெடுத்து வைப்பதும், எழுதப்படாத அடுக்களைகளின் பெண்களிடம் சென்று கேட்டு எழுதுவதும் ஆய்வாளர் முன் உள்ள உடனடிப் பணிகள்.